ஒரே வரி, இரண்டு கடிதங்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு தனியார் பள்ளியின் வராந்தாவில். அங்கே ஒரு பலகை. அந்த வருடம் படிப்பை முடித்தவர்களின் பெயர்கள், எதிரே அவர்களுக்கு இடம் கிடைத்த பல்கலைக்கழகங்கள். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் தலைமை ஆசிரியரைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்க்கிறார்கள். நூற்றுப் பதினொரு பெயர்களுக்கு எதிரே பொன்னிற எழுத்து. ஒரு பெயருக்கு எதிரே மட்டும் வெறும் பலகை. அந்த இடத்தை ஓர் ஆசிரியை கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே அழுக்கே இல்லை.

நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அந்த ஆசிரியை...

(வேண்டாம். மழை வந்தால் வாசகர் முன்கூட்டியே அழத் தயாராகிவிடுவார்.)

பரிந்துரைக் கடிதம் என்பது உண்மையில்...

(கட்டுரை வாடை.)

நேராகவே வருகிறேன். பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது அந்த ஆசிரியையின் பொறுப்பு. ஒரே மாதத்தில் அறுபது கடிதம், விரல் ஓய்ந்துபோகும். அவரிடம் ஒரு வரி உண்டு: 'என் பதினெட்டு ஆண்டுப் பணியில் நான் கண்ட மிகச் சிறந்த மாணவி இவர்.' வருடத்துக்கு ஒருவருக்குத்தான் அதை எழுதுவார். (பதினேழாம் ஆண்டில் வேறொருத்தி மிகச் சிறந்தவளாக இருந்தாளே என்று என்னை மடக்காதீர்கள். எழுதும் நேரத்தில் அவருக்கு அது சத்தியம்.)

இந்த வருடம் அந்த வரி 'குட்டி மிஸ்'ஸுக்கு. மதிய இடைவேளையில் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருபவள். அதனால் வந்த பட்டப்பெயர்.

"வேற எங்கயும் போட வேணாம். உனக்குக் கெடைக்காம யாருக்குக் கெடைக்கப் போகுது?" என்று ஆசிரியை சொன்னதை நம்பி, ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விண்ணப்பித்தாள்.

3

தலைமை ஆசிரியர் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "நீச்சல்காரி லெட்டர் உப்புச்சப்பில்லாம இருக்கே. கொஞ்சம் தூக்கி எழுதுங்க."

பள்ளிக்கு நீச்சலில் பதக்கம் வாங்கித் தரும் அந்த மாணவி விண்ணப்பித்திருந்தது வேறு பல்கலைக்கழகத்துக்கு. ஆகவே ஆசிரியை அந்த வரியை அப்படியே எடுத்து இதிலும் ஒட்டினார். யார் பார்க்கப்போகிறார்கள்? கடைசி வாரத்தில் நீச்சல்காரி மனம் மாறி, குட்டி மிஸ்ஸின் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிவிட்டாள். ஒரே மேசைக்கு ஒரே கையெழுத்தில் இரண்டு மிகச் சிறந்த மாணவிகள் போய்ச் சேர்ந்தார்கள்.

நீச்சல்காரிக்கு இடம் கிடைத்தது.

(அந்த வரியால்தானா? தெரியாது. பல்கலைக்கழகம் காரணம் சொல்வதில்லை. எழுதுகிற எனக்கும் தெரியாது. ஆசிரியைக்கு மட்டும் சந்தேகமே இல்லை.)

4

குட்டி மிஸ் ஆசிரியையின் அறைக்கு வந்தாள். அழுத அடையாளம் இல்லை. கையில் நோட்டு.

"உக்காரும்மா மொதல்ல."

"பரவால்ல மிஸ். நான் எதுல கொறஞ்சுபோயிட்டேன்னு மட்டும் சொல்லுங்க. எழுதிக்கறேன். அடுத்த வருஷத்துக்குள்ள சரி பண்ணிடுவேன்."

நோட்டில் ஏற்கெனவே '1' என்று எண் போட்டிருந்தாள்.

முடிவு அ: ஆசிரியை உண்மையைச் சொல்கிறார். (அடித்துவிட்டேன். அடுத்த வருடக் கடிதத்தையும் இவர்தான் எழுத வேண்டும். பாவம், பெண்ணால் கோபப்படக்கூட முடியாது.)

முடிவு ஆ: "நேர்காணல்ல கொஞ்சம் வேகமா பேசிட்டியோ என்னவோ" என்கிறார். அவள் எழுதிக்கொள்கிறாள். (இதையும் அடித்துவிட்டேன். இல்லாத குறையைத் திருத்த ஒரு வருடம் பாடுபடுவாள். என்னால் தாங்க முடியவில்லை.)

5

இனியும் மறைப்பது நியாயமில்லை. சென்ற வருடம் இரண்டு இளம் எழுத்தாளர்களின் முதல் புத்தகங்களுக்கு முன்னுரை எழுதினேன். 'சமீபத்தில் நான் வாசித்த மிக நேர்மையான எழுத்து இது.' இரண்டிலும் அதே வரி. இருவரும் ஒரே பரிசுக்கு அனுப்பினார்கள். கிடைக்காதவர் எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார். 'என் எழுத்தில் என்ன குறை என்று சொன்னால் திருத்திக்கொள்வேன்.' நான்கு மாதமாகிறது. அதற்குப் பதில் எழுத வேண்டிய நேரத்தில்தான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆசிரியையின் வாயில் ஒரு சொல்லை வைக்கும் யோக்கியதை எனக்கில்லை. நீங்களே ஏதாவது சொல்லி அனுப்புங்கள். கொஞ்சம் சீக்கிரம். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டேன் என்கிறாள், பிள்ளைக்குக் கால் வலிக்கும்.