ஏழாவது நம்பர்

மனிதனுடைய கடைசி ஆசைக்கு நெய்வேலியில் விலை நாலாயிரம் ரூபாய். பேரம் பேசினால் மூவாயிரத்து ஐநூறு. கூடவே ஒரு பவர் பத்திரமும் எழுதுவதானால் இரண்டும் சேர்த்து ஆறுக்கு முடிக்கலாம். என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து அறைதான் வக்கீல் மலர்விழியின் ஆபீஸ். பேரத்துக்கும் சாட்சிக் கையெழுத்துக்கும் அந்தம்மா என்னைத்தான் கூப்பிடுவார். வடலூரில் அத்தாவின் பாத்திரக்கடையில், விலை கேட்டுவிட்டுப் படியிறங்குகிறவரை எத்தனையாவது அடியில் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று கணக்குப் பார்த்து வளர்ந்தவன் நான். மூன்றாவது அடியில் கூப்பிட்டால் கடைக்காரனுக்கு அவசரம் என்று தெரிந்துவிடும். ஆறாவது அடியில் ஆள் அடுத்த கடைக்குப் போயிருப்பார்.

சிங்காரவேல் ஆறாயிரத்துக்கு ஒத்துக்கொண்டு, மனைவி விருத்தாம்பாளையும் அழைத்துக்கொண்டு வந்தார். சுரங்கத்தில் முப்பத்தாறு வருஷம் ராட்சத வெட்டு இயந்திரம் ஓட்டியவர், ஜனவரியில் ரிடையர்டு. மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முத்தாண்டிக்குப்பத்து வீட்டுக்குப் போக வேண்டும். அவர்களுக்கு இனி அந்த ஒரு கூரைதான். அதன்மேலும் மகன் செல்வகுமார் கண் வைத்திருந்தான். கான்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டு இரண்டு டிப்பர் லாரி எடுக்கப் போகிறானாம். ‘பவர் மட்டும் குடுப்பா, பேங்க் வேலைய நான் பாத்துக்கறேன்’ என்று தினமும் காலையில் போன்.

“பவரு, உயிலு ரெண்டும் ஒண்ணுதான பாய்? ஷிப்ட் முடிஞ்சா ரிலீவர்கிட்ட ஒப்படைச்சிட்டு எறங்கறது” என்றார்.

“ஒண்ணு இல்ல சார். உயில் நீங்க போனப்புறம் பேசும். பவர் நாளைக்குக் காலையிலயே பேச ஆரம்பிச்சிடும்” என்றார் மலர்விழி. “பையன் வீட்ட அடமானம் வைக்கலாம், விக்கலாம். எல்லாம் நீங்களே பண்ண மாதிரி.”

“எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லீங்க.”

“யாரு புள்ளயும் பவர் வாங்கற வரைக்கும் அப்படிப்பட்டவன் இல்ல” என்றேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. பையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். சுரங்கத்தில் ஷிப்ட் மாறும்போது எழுதுகிற லாக் புத்தகம். பொருள், நிலை, பழுது, பாக்கி வேலை என்று கட்டம் போட்டு, அடியில் ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர் கையெழுத்துக்கு இடம். பாக்கி வேலையை எடுத்துக்கொள்கிறவர் அதற்கு நேரே நேரம் குறிப்பார். அடுத்த ஆள் கையெழுத்துப் போடாமல் இயந்திரத்தை விட்டு இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அவர் தன் உயிலை அதில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“ஒண்ணு, வீடு. இயங்கு நிலையில் உள்ளது. மேற்கு சன்னல் பக்கம் ஒழுகல். ரெண்டு, போர் மோட்டார். காயில் ஒருமுறை மாற்றப்பட்டது. மூணு, மொபெட். நாலு தடவை உதைக்க வேண்டும். நாலு, பலாமரம். பழுது இல்லை. அஞ்சு, கறவைப் பசு. உதைக்கும். ஆறு, பீரோ. சாவி தொலைந்தது, ஸ்க்ரூ டிரைவரால் திறக்கலாம். ஏழு, விருத்தாம்பாள்.”

விருத்தாம்பாள் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

“படிங்க. நானும் தெரிஞ்சிக்கறேன்.”

குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் வாசித்தார். எழுதியதை வாசிக்காமல் விட்டு அவருக்குப் பழக்கமில்லை. “இயங்கு நிலையில் உள்ளது. பழுது, வலது முழங்கால். ராத்திரி தைலம் போட வேண்டும். கோபத்தில் சாப்பிடாமல் படுத்தால் ரெண்டு தடவை கூப்பிட வேண்டும். மூணாவது தடவை கூப்பிடக் கூடாது.”

மலர்விழி குனிந்து பேனாவைத் தேடினார். பேனா கையில்தான் இருந்தது.

“மாட்டுக்கும் பீரோவுக்கும் அப்புறமா நானு?” என்றாள் விருத்தாம்பாள். “என்னையும் சேத்து அவங்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போவப் போறீங்க. அவன் லாரிக்கு டீசல் போடுவானா, எங்காலுக்குத் தைலம் போடுவானா?”

“வரிசை எல்லாம் சும்மா வெயிட்டு பாத்துப் போட்டது விருத்தா.”

மலர்விழி பேச்சை மாற்ற, வீட்டுப் பத்திரத்தைக் கேட்டார். விருத்தாம்பாள் மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மலர்விழி முதல் பக்கத்தைப் படித்தார், வீட்டு வரி ரசீதைப் பார்த்தார், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

“சார், வீடு மனை ரெண்டும் அம்மா பேர்ல இருக்கு.”

சிங்காரவேலுக்குத் தெரியாத விஷயமில்லை. வாங்கும்போது அவர் பேரில் வாங்கினால் ஆபீசுக்கு நாலு ஃபாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சோம்பலில், திருப்பிச் செய்து தருகிறேன் என்றதை நம்பி மனை வாங்க நாலு தங்க வளையலைக் கழற்றிக் கொடுத்தவள் பேரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பிறகு முப்பது வருஷம் கேன்டீனிலும் பஸ்ஸிலும் ‘என் வூடு, என் வூடு’ என்று சொல்லிச் சொல்லி, பத்திரமும் தன் பேருக்கு மாறிக்கொண்டுவிட்டதாக நினைத்திருந்தார்.

அப்போது பார்த்து அவருடைய போன் அடித்தது. விருத்தாம்பாள் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

“செல்வம், நான்தான். உங்கப்பா ஷிப்ட் முடிஞ்சி எறங்கிட்டாரு. வூடு எம்பேர்ல இருக்குதாம். நான் இன்னும் ட்யூட்டியிலதான் கீறேன். பவரெல்லாம் கெடையாது. சாப்டியா? சரி, வை.”

பிறகு மலர்விழியிடம் திரும்பினாள். “நான் சொல்றத எழுதுங்கம்மா. எனக்கப்புறம் வூடு செல்வத்துக்கும் எம்பொண்ணு பவித்ராவுக்கும் சரிபாதி.”

“சாருக்கு?”

“அதான் ரோசன பண்ணிகினு கீறேன்.”

சிங்காரவேல் எழுந்துவிட்டார். “அப்ப எனக்கு இங்க என்ன வேல” என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். நான் பழக்க தோஷத்தில் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் கூப்பிடவில்லை. நாலாவது அடியில் வேகம் குறைந்தது. கையில் குவார்ட்டர்ஸ் சாவி. இன்னும் பதினொரு நாளில் அதையும் கொடுத்துவிட வேண்டும். ஐந்தாவது அடியில் நின்று, பக்கிளே இல்லாத ரப்பர் செருப்பைக் குனிந்து சரிசெய்தார்.

“கண்ணாடிய வச்சிட்டுப் போறீங்க” என்றாள் விருத்தாம்பாள்.

திரும்பவில்லை.

“உங்களத்தாங்க.”

மூன்றாவது தடவை கூப்பிடப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆறாவது அடி வைக்கிறாரா என்று பார்த்தேன். திரும்பி வந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார்.

“எழுதிக்குங்கம்மா” என்றாள். “எனக்கப்புறமும் அவுரு இருக்கற வரைக்கும் அந்த வூட்ல இருப்பாரு. புள்ளைங்க யாரும் எழுப்பக் கூடாது.”

மலர்விழி தட்டச்சு செய்தார். உயில் இரண்டு பக்கம் வந்தது. பவர் போய்விட்டதால் ஆறாயிரத்தை நானே மூவாயிரத்து ஐநூறுக்கு இறக்கினேன். நானும் எதிர் டீக்கடை துரைராஜும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம்.

எல்லாம் முடிந்த பிறகு விருத்தாம்பாள் அந்த நோட்டை இழுத்து, ஏழாவது வரியை அடித்துவிட்டு, புதுப் பக்கத்தில் நிதானமாக எழுதினாள். எழுதி அவர் பக்கம் தள்ளினாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

‘1. வீட்டுக்காரர். நிலை: ஓடுகிறது. பழுது: ரோசம். பாக்கி வேலை: வளையல் நாலு. வந்தது ஒன்று. பாக்கி மூன்று.’

ஒப்படைத்தவர் என்ற இடத்தில் கோடு கிழித்திருந்தாள். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து.

சிங்காரவேல் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். பழைய பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ‘பாக்கி மூன்று’ என்பதற்கு நேரே நேரம் குறித்தார்: 11.40.