பதினெட்டாவது கை

ஊசி மட்டும் கை தூக்கவில்லை.

எங்கள் கல்லூரி மகளிர் ஒற்றுமை மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற வேண்டுமென்றால் பதினெட்டுக் கைகளும் உயர வேண்டும். பதினேழு போதாது. இதுவரை போட்ட நாற்பத்தொரு தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேறியவை. யாராவது கை தூக்காவிட்டால் திட்டமாட்டார்கள், மிரட்டமாட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு அன்போடு காத்திருப்பார்கள். போன வருடம் அறிவிப்புப் பலகைக்கு என்ன நிறம் அடிப்பது என்ற விஷயத்தில் ஒருத்தி ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடித்தாள். பிறகு, தான் எதிர்த்த நிறத்தை அவளே முன்மொழிந்தாள். குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருந்தது.

கூட்டம் நடப்பது பழைய வேதியியல் ஆய்வுக்கூடத்தில். அமிலம் தின்ற மேசைகள், தண்ணீர் வராத குழாய்கள், பாதிக்கு மேல் திறக்காத ஜன்னல்கள். அங்கே நான் மட்டும்தான் ஆண். போஸ்டர் எழுதுவதும் படம் எடுப்பதும் என் வேலை. எனக்கு ஓட்டு கிடையாது. மன்றத் தலைவி என் அக்கா. வீட்டிலும் எனக்கு ஓட்டு கிடையாது என்பதால் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை.

ஊசி என் வகுப்பு. ஒல்லி, வாய் கூர்மை, அதனால் அந்தப் பெயர். எங்கிருந்தோ வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள்; பேச்சின் இழுப்பிலேயே வெளியூர் என்று தெரிந்துவிடும். மன்றத்தின் எல்லாப் போஸ்டர்களிலும் நடுவில் நிற்பது அவள்தான். "நீ இல்லாட்டி நாங்க எல்லாரும் ஒரே மாதிரி இருப்போம்மா" என்று அக்கா அவளைச் சேர்த்தணைத்துச் சொன்னதை நானே படம் எடுத்திருக்கிறேன். நல்ல வெளிச்சம் அன்று.

போன வாரம் ஊசியின் விடுதி அறைக் கதவில் யாரோ 'உன் ஊருக்கே போ' என்று ஊதா மையில் எழுதிவிட்டார்கள். வார்டன் அன்றே துடைக்கச் சொன்னார். ஊசி புகார் எழுதிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது. எனவே நாற்பத்திரண்டாவது தீர்மானம்: 'எங்கள் வளாகத்தில் வேற்றுமை பாராட்டும் சம்பவம் எதுவும் நடந்ததில்லை.'

"இதுல உனக்கு என்னம்மா கஷ்டம்?" என்றாள் அக்கா.

"நடக்கலைன்னு எழுதியிருக்கு. நடந்துதே அக்கா."

"யாரோ விளையாட்டுக்கு எழுதினது. அன்னிக்கே அழிச்சாச்சு."

"விளையாடினது யாருன்னு சொல்லுங்க. நானும் வந்து சேர்ந்துக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றிக்கொண்டேன். ஏனென்றால் அந்த ஊதாவை எனக்குத் தெரியும்.

போஸ்டர் பேனாக்களை நான் ஓர் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். பென்சில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கும் குழந்தையைப் போல எனக்கு அதில் ஒரு பைத்தியம். கதவில் எழுதப்பட்ட மறுநாள் ஊதாப் பேனாவைத் திறந்தால் முனை பல்துலக்கும் பிரஷ் மாதிரி பிரிந்திருந்தது. அட்டையில் எழுதினால் அப்படிப் பிரியாது. சொரசொரப்பான மரத்தில் அழுத்தி இழுத்தால் பிரியும். அலமாரிக்கு இரண்டு சாவிகள். ஒன்று என்னிடம், மற்றது தலைவியிடம்.

அன்று மாலையே வீட்டில் சொன்னேன். "அக்கா, ஊதாப் பேனா முனை பிஞ்சு கெடக்கு."

அவள் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நிற்கவில்லை.

"வேற வாங்கிக்கோடா."

அவ்வளவுதான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மணி நேரம் போனது. யாரும் எழவில்லை. பதினேழு பேரும் ஊசியைப் பார்த்த பார்வையில் துளிக் கோபம் இல்லை. பரீட்சை எழுதும் பிள்ளையைப் பார்க்கும் அம்மாவின் பார்வை. திடீரென்று அக்கா எழுந்து, காலி ஜக்கை எடுத்து ஊசியிடம் நீட்டினாள்.

"எல்லாருக்கும் தொண்டை காஞ்சு போச்சு. வராந்தாவுல பிடிச்சிட்டு வர்றியாம்மா?"

ஊசி போனாள். கதவு சாத்தப்பட்டது. பதினேழு கைகளும் ஒரு சத்தமுமில்லாமல் உயர்ந்தன. குறிப்பேட்டில் செயலாளர் எழுதினாள்: 'அறையில் இருந்த அனைவரும் ஒருமனதாக.' எனக்கு ஓட்டு இல்லை என்று சொன்னேனே. ஆனாலும் என் கையும் மேலே இருந்தது. அதை எப்போது தூக்கினேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜக்கோடு உள்ளே வந்த ஊசி, இறங்கிக்கொண்டிருந்த கைகளைப் பார்த்தாள். ஒவ்வொருவருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். எனக்கும்.

மறுநாள் ஒற்றுமைத் துணி. நீளமான வெள்ளைத் துணியில் ஒவ்வோர் உறுப்பினரும் ஒவ்வொரு நிறத்தில் கை பதிக்க வேண்டும். இடம் குறித்துக் கொடுத்தவன் நான். பதினேழு கைகள் பதிந்துவிட்டன. நட்டநடுவில் ஓர் இடம் காலி. ஊசி வரவில்லை. அவளை விடுதியிலிருந்து மாற்றச் சொல்லி நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அவளுடைய பாதுகாப்புக்காகவாம்.

"உன் கை பொண்ணு கை மாதிரிதானேடா இருக்கு. வை," என்றாள் அக்கா.

"நானா?"

"நடுவுல ஓட்டையா தெரியுது பாரு. அசிங்கமா இல்ல?"

கிண்ணத்தில் மிச்சமிருந்த ஒரே நிறம் ஊதா. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, துணியில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்தினாள். சின்ன வயதில் 'அ' எழுதப் பழக்கியதும் இதே கைதான். இரண்டு நாளாகச் சோப்பு, மண்ணெண்ணெய், உப்புத்தாள் எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டேன். மற்றவர்களின் நிறமெல்லாம் அன்றே கழுவப் போய்விட்டது; என் நகத்தடியில் ஏறிய ஊதா மட்டும் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை காலை துணி வாசலில் தொங்கியது. மன்றம் வரிசையாக நின்றது. நான் கழுத்தில் கேமராவும் பேண்ட் பையில் கைகளுமாக எதிரே நின்றேன். அப்போது விடுதிப் பக்கமிருந்து ஊசி பெட்டியோடு வந்தாள். வெளியே போகிறவள் துணியைப் பார்த்து நின்றாள். நடுவிலிருந்த ஊதாக் கையின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். அவள் விரல்கள் ஒரு கணு நீண்டு வெளியே தெரிந்தன.

"இது யார் கை?" என்றாள். கதவில் எழுதியிருந்த அதே நிறம். அவள் அதைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

ஊசி கையை எடுக்காமல், வரிசையில் நின்றவர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சுத்தமான கைகள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

குழுவின் கார் உள்ளே திரும்பியது.

"டேய், படம் எடு," என்றாள் அக்கா, சிரித்த முகம் மாறாமல்.

என் கைகள் இன்னும் பைக்குள்தான் இருந்தன. படம் எடுக்க வேண்டுமென்றால் அவற்றை வெளியே எடுத்தாக வேண்டும்.