லாந்தர் மார்க்

சுருட்டுக் குடிக்கிறவர்கள் பேச்சைக் கேட்டால், கடவுள் மூக்கையும் நாக்கையும் அவர்களுக்கு மட்டும்தான் வைத்து அனுப்பினான் என்று நினைத்துக்கொள்வீர்கள். விஜயபுரம் ரோட்டில் டீக்கடை போட்டிருக்கிற எனக்கு அந்தப் பேச்சு முழுக்க மனப்பாடம். காலையில் மூன்று பேர் வருவார்கள். சிட்டிபாபு, கருப்பன், எதிர்வீட்டுக் கன்னையா. ஆளுக்கு அரை டீயைக் குடித்துவிட்டு, நின்றுபோன லாந்தர் மார்க் சுருட்டைப் பற்றி உச்சிவெயில் வரைக்கும் பேசுவார்கள்.

"மொத இழுப்புல தொண்டையில ஒண்ணு உடும் பாரு, அப்பன் அறைஞ்ச மாதிரி" என்பான் சிட்டிபாபு. "ரெண்டாவது இழுப்புல அதுவே தடவிக் குடுக்கும்."

"எனுக்கு மழை பேஞ்ச வேர்க்கடலக் கொல்லை வாசனதான் வரும்" என்பான் கருப்பன்.

கன்னையா கடைசியில்தான் வாயைத் திறப்பான். தீர்ப்பு அவனுடையது. "அத்தக் குடிச்ச வாயில வேற எதை வெச்சாலும் வாய்க்குப் பாவம்டா" என்று சொல்லிவிட்டு, கருப்பன் காதில் சொருகியிருக்கிற பீடியை எடுத்துப் பற்றவைத்துக்கொள்வான். வெட்கமே கிடையாது.

புத்தூரில் அந்தக் கம்பெனியை மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. முதலாளியின் பிள்ளைகள் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். புகையிலை காயவைத்த கொட்டகையில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. என் கடையிலேயே குட்கா சரம் சரமாகத் தொங்கியது, ஃபில்டர் சிகரெட்டில் நாலைந்து தினுசு இருந்தது. லாந்தர் மார்க் கேட்டு வருகிறவனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

கன்னையாவுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் சந்திரன் குவைத்தில் ஒரு பணக்காரர் வீட்டில் கார் ஓட்டினான். மகள் செல்வி தடாவில் இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போன இடத்தில் உமாபதி என்கிற லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். அவன் வேறு சாதி. அன்றைக்குக் கன்னையா நடுரோட்டில் நின்று, "இனிமே உன் கையால பச்சத்தண்ணி வாங்கினா நான் கன்னையா இல்ல" என்று கத்தினான். ஊரே கேட்டது, நானும் கேட்டேன்.

பிறகு இருமல் வந்தது. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரல் போய்விட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. பெண்டாட்டி எப்போதோ செத்துப்போனாள். செல்விதான் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

அவள் சமைத்ததை அவன் தின்பான். அவள் துவைத்த வேட்டியைக் கட்டுவான். அவள்தான் பீ மூத்திரம் எடுத்தாள், அதற்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. கையால் மட்டும் வாங்கமாட்டானாம்! அவள் சொம்பைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவாள், நான் வாங்கி அவனிடம் கொடுப்பேன். கொதிக்கிற பாலை விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடுவேன். அவளோடு பேசவும் மாட்டான், அதுவும் என் வழியாகத்தான். "தாட்சாயணி, சோத்துல உப்பு கம்மின்னு சொல்லு" என்பான். அவள் கை நீட்டும் தூரத்தில்தான் நின்றிருப்பாள்.

ஒரு நாள் கருப்பனுக்கே பொறுக்கவில்லை.

"யோவ் கன்னையா, அந்தப் பொண்ணு உனுக்கு எல்லாம் செய்யுது. ஒரு வாய்த் தண்ணி அது கையால வாங்கிக்கினா இன்னா கொறஞ்சி பூடும்?"

கன்னையா இருமி முடித்துவிட்டுச் சிரித்தான். "வாங்கிக்கிறேனே. லாந்தர் மார்க் கொண்டாந்து குடுக்கச் சொல்லு. அவ கையாலயே வாங்கிப் பத்த வெச்சிக்கிறேன்."

சிட்டிபாபுவுக்கு மூக்கில் டீ ஏறுகிற அளவுக்குச் சிரிப்பு. செல்வி துணி அலசிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"நெஜமாவா நைனா?"

அவன் என்னைப் பார்த்தான். "நான் சொன்னா சொன்னதுதான்னு அவகிட்ட சொல்லு."

சொன்னேன். வேறென்ன செய்வது? பைத்தியக்காரப் பெண் அதை நம்பிவிட்டாள்.

நகரி, புத்தூர், சத்யவேடு என்று ஒரு கடை விடாமல் கேட்டாள். கடைக்காரர்கள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்களாம், பொம்பளைக்குச் சுருட்டு எதற்கு என்று. அந்தச் சமயத்தில்தான் குவைத்திலிருந்து லீவில் வந்த ஒருத்தன் கையில் சந்திரன் ஒரு பெட்டி கொடுத்து அனுப்பியிருந்தான். உள்ளே வளைந்த மரப் பைப்பு ஒன்றும் ஒரு டப்பா புகையிலையும். அவன் முதலாளி குடிப்பதாம். கன்னையா அதை ஊருக்கே காட்டினான். நுரையீரல் போனவனுக்குப் பைப்பு அனுப்புகிற பிள்ளையை என்னவென்று சொல்ல? ஆனால் மூவரும் மாறி மாறி இழுத்துப் பார்த்தார்கள்.

"வெல்லப் பாகு காய்ச்சற வாசன வருது" என்றான் கருப்பன்.

"எனுக்கு ஊதுவத்தியத் துன்ன மாதிரி கீது" என்றான் சிட்டிபாபு.

பைப்பு அணைந்துகொண்டே இருந்தது. ஒரு இழுப்புக்கு ஒரு தீக்குச்சி. கன்னையாவுக்கு இருமலில் கண் பிதுங்கியது. இருந்தாலும், "தேன்டா! எம்புள்ள அனுப்பினது. தேனு!" என்றான். செல்வி எச்சில் துப்பக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

கடைசியில் வழி சொன்னது உமாபதி. ராமகுப்பத்துப் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு முனீஸ்வரன் கோயில் இருக்கிறதாம். லாரிக்காரர்கள் சாமிக்குச் சுருட்டு வைத்துவிட்டுத்தான் வண்டி எடுப்பார்களாம். பூசாரி அதையெல்லாம் பல வருஷமாக டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாராம். செல்வி திருப்பதி போய், சித்தூர் போய், பஸ் மாறி மாறிப் போனாள். அவள் போன நாட்களில் கன்னையா ஒரு தரம்கூட, எங்கே என்று கேட்கவில்லை. சோறு நேரத்துக்கு வரவில்லை என்று மட்டும் என்னைத் திட்டினான்.

அவள் திரும்பி வந்தபோது உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. "சாமிக்கு வந்தத விக்கமாட்டேன்னுட்டாரு அத்தே. கோயிலைக் கழுவி உடுன்னாரு. தண்ணி ரொம்ப தூரம்" என்றாள். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பழைய மஞ்சள் தாளில் சிவப்பு லாந்தர். எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்கணுமே! பரீட்சையில் பாசான பிள்ளை மாதிரி இருந்தாள்.

மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முதலில் சிட்டிபாபுவும் கருப்பனும் பாதிப் பாதியாக ஒன்றைப் பற்றவைத்தார்கள். சிட்டிபாபு இழுத்துவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். "அய்யோ, அதே அறைடா! அதேதான்!" என்றான். கருப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "வேர்க்கடலக் கொல்லை" என்று மெதுவாகச் சொன்னான்.

செல்வி ஒன்றை எடுத்து அப்பனிடம் நீட்டினாள். நடுவில் நான் இல்லை. கன்னையா அந்தச் சுருட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டி வாங்கினான். அவள் விரல் அவன் உள்ளங்கையில் பட்டது. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

அவன் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு இருமல்கூட இல்லாமல், நகம் சுடும் வரைக்கும் இழுத்தான். துண்டைக் கீழே போட்டான். காறித் துப்பினான்.

"இது லாந்தர் மார்க் இல்ல" என்றான்.

வாயைத் துடைத்துக்கொண்டான்.

"வேப்பில நாத்தம் அடிக்குது. எவனோ தாளைச் சுத்தி ஏமாத்திட்டான். இல்லாட்டி இவளே ஏமாத்தறா. மார்க்கு வேறன்னா பேச்சும் செல்லாது, நான் வாங்கினதும் செல்லாதுன்னு சொல்லு தாட்சாயணி."

பூச்சி அரிக்காமல் இருக்கப் பெட்டியில் வேப்பிலை போட்டிருப்பார்கள் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். நான் சிட்டிபாபுவைப் பார்த்தேன். சற்று முன்னால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு குதித்தவன், இப்போது தோளில் துண்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"ஆமா, கொஞ்சம் வேற மாதிரிதான் கீது" என்றான். த்தூ! கருப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

செல்வி எழுந்து உள்ளே போனாள். சாயங்காலம் வழக்கம்போல் சொம்பை என்னிடம் நீட்டினாள்.

அதற்கப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? அந்தப் போலிச் சுருட்டைத் தினமும் ஒன்று கேட்டு வாங்கிக் குடித்தான். என் கையால்தான். "வீணாப் போவுது, குடு" என்பான். எனக்கு ஒரு நாள் ஆத்திரம் தாங்கவில்லை. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"சத்தியமா சொல்லு கன்னையாண்ணா. அதே சுருட்டுதானே?"

புகையை விட்டுக்கொண்டே சிரித்தான். "அதேதான். வேற எது இப்டி இருக்கும்?"

"அப்போ அவகிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா? சாவப்போற நேரத்துல?"

"சொன்னா அவ ஜெயிச்சிட்டான்னு ஆயிடும்."

திரும்பினேன். கதவுக்குப் பின்னால் செல்வி முறத்தோடு நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அவள் அழவில்லை. முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே உள்ளே போனாள்.

மறுநாள் அவன் சுருட்டு கேட்டபோது, "தீந்து பூட்ச்சின்னு சொல்லுங்கத்தே" என்றாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கும். பொட்டலத்துல பார்த்தேன். கேளு தாட்சாயணி" என்றான் அவன்.

"தீந்து பூட்ச்சி" என்றாள் அவள்.

அவன் அந்த ஒன்றைக் கேட்டுக்கொண்டேதான் கிடந்தான். சோறு கேட்கவில்லை, மகனைக் கேட்கவில்லை. மூச்சு இழுக்கும்போதும் இரண்டு விரலை வாய்க்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய்க் காட்டினான். அவள் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே போய்விட்டான்.

காரியத்துக்குச் சந்திரன் வந்து சேர்ந்தான். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுருட்டுக் குடித்தவன் செத்தால், காரியத்தன்று படையல் இலைக்குப் பக்கத்தில் ஒரு சுருட்டைப் பற்றவைத்து வைப்பார்கள். அது அணையாமல் கடைசி வரைக்கும் எரிந்தால்தான் செத்தவன் படையலை ஏற்றுக்கொண்டான் என்று அர்த்தம். அணைந்துபோனால் கோபம் தீரவில்லை என்று அர்த்தம். எரிந்து முடிகிற வரைக்கும் யாரும் இலையில் உட்காரக் கூடாது.

சந்திரன் தான் அனுப்பிய பைப்பைத்தான் வைத்தான். "நைனாவுக்கு இதான் உசுரு. தேன்னு சொன்னாராம்" என்று எல்லாரிடமும் சொன்னான். பற்றவைத்தான், அணைந்தது. மறுபடி பற்றவைத்தான், மறுபடி அணைந்தது. குந்தி உட்கார்ந்து இவன் ஊத, போட்டோவில் அப்பன் முறைக்க, தீக்குச்சிதான் குவிந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பசி. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. பெரியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

சிட்டிபாபுதான் கூச்சமில்லாமல் கேட்டான். "செல்வி, அந்த லாந்தர் மார்க்கு ஒண்ணு உங்கிட்ட கீதாம்மா?"

"அது லாந்தர் மார்க் இல்லன்னியே மாமா?" என்றாள்.

செல்வி இடுப்பில் சொருகியிருந்த சுருட்டை எடுத்தாள். பந்தலில் எல்லா முகமும் மலர்ந்தது. சந்திரன் அவசரமாகக் கையை நீட்டினான். "கொண்டா, நான் வெக்கிறேன்."

அவள் அதை அவன் கையில் கொடுக்கவில்லை. தன் வாயில் வைத்தாள். விளக்கில் குனிந்து பற்றவைத்தாள். "ஏய், இன்னாடி பண்றே!" என்று யாரோ கத்தினார்கள். சந்திரன் பிடுங்க வந்தான். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் நின்றுவிட்டான்.

அப்பன் போட்டோவுக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து குடித்தாள். இருமினாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது, விடவில்லை. புகையைப் போட்டோவின் முகத்தில்தான் விட்டாள். நகம் சுடும் வரைக்கும் இழுத்தாள், அவனைப் போலவே. துண்டை இலைக்குப் பக்கத்தில் பைப்பின் மேல் போட்டாள்.

"லாந்தர் மார்க்தான் நைனா" என்றாள். "தொண்டய அறுக்குது. ஒரே கசப்பு, வேற ஒரு மண்ணும் இல்ல. உனுக்குன்னு கடைசி ஒண்ணு இருந்துச்சி. நான் குடிச்சிட்டேன்."

பிறகு எழுந்து, பந்தலைப் பார்த்தாள்.

"சுருட்டு முழுசா எரிஞ்சாச்சி இல்ல? உக்காருங்க."

சிட்டிபாபுதான் போய் முதல் இலையில் உட்கார்ந்தான். பசி பொல்லாதது. மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். செல்வி கையைக் கழுவிக்கொண்டு, சோற்றுத் தவலையை இடுப்பில் வைத்து, தன் கையாலேயே வரிசையாகப் பரிமாறிக்கொண்டு போனாள். சந்திரன் இலைக்கும் அவள்தான் போட்டாள். வழக்கம்போல் நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கலாம் என்று நான் எழுந்து நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.