நவ்ரஸின் சொந்தப் பாட்டு

துனிசியாவின் சூஸ் நகரத் திறந்தவெளி அரங்கின் மேடைக்குப் பின்னால் விழா இயக்குநர் மொன்செஃப் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"மூணு பாட்டு. மூணும் போட்டியில நீ பாடினது. கணக்கு சரிதானே, மகளே?"

"மூணாவது என்னோடது, மொன்செஃப் ஐயா. நானே எழுதினது."

"உன்னோடதை யார் கேட்டா? சனம் உன்னை அந்தப் பழைய பாட்டுக்காகத்தான் கூப்பிடுது. மீறினா மைக்கை அணைச்சிருவேன், சொல்லிட்டேன்."

நவ்ரஸ் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் பட்டம் வென்று ஏழு வருஷம் ஆகியிருந்தது. அன்று ஊரே வாக்களித்தது. அடுத்த வருஷம் வேறொரு பெண் ஜெயித்தாள். நவ்ரஸின் தொலைபேசி அடிப்பது குறைந்தது. இசைக் கம்பெனிக்காரர்கள் பெய்ரூத் ஊர் அரபுப் பேச்சில் இரண்டு பாட்டு பாடவைத்தார்கள். இரண்டும் சுவடு தெரியாமல் போயின. தன் அம்மா இருபது வருஷம் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துத் தையல் ஃபாக்டரிக்குப் போனதை, தங்கள் வீட்டுத் துனிசியப் பேச்சிலேயே ஒரு பாட்டாக எழுதினாள். அதை வெளியிட எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை.

முதல் இரண்டு பாட்டுக்கும் கைதட்டல் பறந்தது. மூன்றாவது பாட்டுக்கு முன் ஊது என்னும் நரம்பு வாத்தியம் வாசிக்கும் ஹாத்தெம் குனிந்து கேட்டான்.

"எதை எடுக்கட்டும்? சட்டுனு சொல்லு."

"பஸ்."

"பைத்தியமே, அந்த ஆளு ஒலிக்காரன் பக்கத்துலயே நிக்கிறாரு."

"தெரியுது. எடு."

நாலு வரி தாண்டுவதற்குள் மேல்வரிசைகளில் விசில் கிளம்பியது. "பழசைப் பாடு! பழசு!" ஒலி மேசையை நோக்கி மொன்செஃப்பின் கை நீண்டதை நவ்ரஸ் பார்த்தாள். அடுத்த வரியில் மைக் அணைந்தது.

தர்புக்கா மேளம் நின்றுவிட்டது. ஹாத்தெம் மட்டும் நிறுத்தவில்லை. இப்போது இறங்கிப் போனால் இந்தப் பாட்டை இனி எந்த மேடையிலும் எடுக்கத் தைரியம் வராது என்று அவளுக்குப் பட்டது. மேடை விளிம்புக்கு வந்து தொண்டையை நம்பிப் பாடினாள். முன்னால் நாலைந்து வரிசைக்குக் கேட்டிருக்கலாம். பின்னால் இருந்தவர்கள் எழுந்து தின்பண்டம் வாங்கப் போனார்கள். ஒரு வரி விடாமல் பாடி முடித்தாள்.

"இனி இந்த மேடைப் பக்கமே வராதே," என்றார் மொன்செஃப். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்த விழாவிலிருந்து அவளுக்குப் பிறகு அழைப்பு வரவே இல்லை.

பக்கவாசலில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி நவ்ரஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுவுல ரெண்டு வரி காதுல விழல, கண்ணு. எங்க சூப்பர்வைசரைச் சொன்னாப்பல இருந்துச்சே! எங்க ஃபாக்டரிப் பொண்ணுங்க எல்லாம் பெருநாளுக்குக் கூடுவோம். வந்து பாடுறியா?"

"போட்டியில பாடினதையும் பாடணுமா?"

"எந்தப் போட்டி? எனக்கு ஏது டிவி பாக்க நேரம்?"

நவ்ரஸ் அவளை நிறுத்தி, விட்டுப்போன இரண்டு வரியையும் சொல்லிக்கொடுத்தாள். பெருநாளுக்குப் பக்கத்து ஊரான மொனஸ்தீரில் ஒரு கொட்டகையில் அறுபது பெண்களுக்கு முன் பாடினாள். அடுத்த பெருநாளுக்கு வேறு மூன்று ஃபாக்டரிக்காரர்கள் கூப்பிட்டார்கள். நட்சத்திரம் என்று அவளை யாரும் சொல்வதில்லை. ஆனால் இப்படிப்பட்ட கூட்டங்களில் வருஷம் முழுக்கப் பாடுகிறாள்.