வாரத்துக்கு எத்தனை நாள்

பல் டாக்டர் அந்த நடுக்கத்தை முதன்முதலில் பார்த்தது ஒரு நோயாளியின் கடைவாயில். மேல்வரிசையின் கடைசிப் பல்லை நேராகப் பார்க்க முடியாது. இடது கையில் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, அதில் தெரிவதைப் பார்த்துத்தான் வலது கை வேலை செய்ய வேண்டும். அன்று கண்ணாடிக்குள் இருந்த பல் ஆடியது. ஆடும் பல் அவருக்குப் புதிதல்ல. அதை வைத்துத்தான் வீடு கட்டியிருக்கிறார். ஆனால் அதற்குப் பக்கத்துப் பல்லும் ஆடியது, அண்ணமும் ஆடியது, உள்நாக்கும் ஆடியது. ஒரு வாய் மொத்தமாக ஆட வேண்டுமென்றால் ஒன்று பூமி அதிர வேண்டும், இல்லையென்றால் கண்ணாடி அதிர வேண்டும்.

"ஏசி காத்து நேரா கைமேல அடிக்குது," என்றார் டாக்டர்.

"ஏசி ரிப்பேர் டாக்டர். நேத்துலேர்ந்து ஓடல," என்றார் பக்கத்தில் நின்ற உதவியாளர் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு இடது கையை நீட்டிப் பார்த்தார். மோதிர விரலும் சுண்டு விரலும், பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து புறணி பேசுகிறவர்களைப் போல, தங்களுக்குள் அசைந்துகொண்டிருந்தன. போதும் என்று சொல்லிப் பார்த்தார். அவை கேட்கவில்லை.

நரம்பு டாக்டர் அடுத்த தெருவிலேயே இருந்தார். போனால் அவர் இதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார். பெயர் வைக்காத வரைக்கும் இது வெறும் களைப்பு. இதே நியாயத்தை வீங்கிய தாடையோடு வந்து யாராவது சொன்னால், "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று அறை அதிரக் கேட்கிறவர் நம் டாக்டர்தான். ஊருக்கு உபதேசம் என்பது ஒரு தொழில். அதை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது.

ஆகவே அவர் நரம்பு டாக்டரிடம் போகாமல் ஒரு கிதார் வாங்கினார். இடது கை விரல்களுக்குப் பயிற்சி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே மருந்து எழுதிக்கொண்டார். ஆனால் வெளியே சொன்னது வேறு. "கலை இல்லாத மனுஷன் வெறும் பல்செட்டு," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். காத்திருக்கும் கூடத்தில், கோட்டு போட்டுக்கொண்டு யாரிடமோ கேடயம் வாங்கும் தன் பெரிய படத்துக்குப் பக்கத்திலேயே கிதாரை மாட்டினார். வாயைத் திறக்க முடியாத நோயாளிகள் கண்ணாலேயே அதைப் பாராட்டிவிட்டு உள்ளே வர வேண்டியிருந்தது.

கிதார் டீச்சர் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியறையில் வகுப்பு நடத்தினாள். முப்பது வயது இருக்கும். முதல் நாள் டாக்டர் ஒரு தந்தியையும் தொடவில்லை. இசைக்கும் மருத்துவத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வகுப்பு முடியும்வரை விளக்கினார். கீழே யாரோ சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பொறுமையாகக் கேட்டாள்.

"ரொம்ப நல்லா பேசுறீங்க சார். வாரத்துக்கு எத்தனை நாள் வருவீங்க?"

இதை அவர் யோசிக்கவில்லை. இவள் வேலையே எதிரில் உட்கார்ந்து இடது கை விரல்களை உற்றுப் பார்ப்பதுதான். தினமும் வந்தால் விரல் சீக்கிரம் சரியாகலாம். சரியாகாவிட்டால் அதுவும் தினமும் தெரியும். மாதம் ஒரு தடவை வந்தால் தப்பிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் அந்த இரண்டு விரலும் எங்கே போய் நிற்கும்? வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் இரண்டு நாள் பயம், மிச்ச நாளெல்லாம் அந்த இரண்டு நாளை நினைத்துப் பயம்.

"யோசிச்சுச் சொல்றேன்."

"சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க சார். இந்த நேரத்தைக் கேட்டு ஒரு பேங்க் மேனேஜர் நச்சரிக்கிறார்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது விவகாரம் குடும்பத்தின் முன் வந்தது. டாக்டரின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் தம்பி மாடியில் குடியிருந்தான். சாப்பாட்டுக்கு மட்டும் கீழே இறங்குவான்.

"வாரத்துக்கு ஒரு நாள் போதும்," என்றாள் மனைவி. "உடம்பு குறைக்க ஓடுற மெஷின் வாங்கின கதை தெரியாதா? இப்ப அதுல துணி காயுது."

"ஒரு நாள் எந்த மூலைக்குக்கா?" என்றான் தம்பி. "மாமா தினமும் போகணும். அடுத்த வருஷம் மேடை ஏத்திடலாம். டிக்கெட் வாங்கினா ஒரு பல் பிடுங்குறது இலவசம்."

"ஐயோ மாமா, சிரிக்க வைக்காதீங்க. வலிக்குது," என்றாள் மகள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. கல்லூரியில் படிக்கிறவள். கீழ்த்தாடையில் ஒரு ஞானப்பல், முளைக்க இடமில்லாமல் படுத்துக்கிடந்தது. சனிக்கிழமை காலையில் அப்பாவே அதை வெட்டி எடுப்பதாக ஏற்பாடு. "எனக்குப் பயமா இருக்குப்பா."

"உங்கப்பா கை இருக்கிறப்போ என்னடி பயம்?" என்றாள் அம்மா.

அந்தக் கை ஒரு தம்ளரைத் தூக்கப்போய்த் தட்டில் இடித்து ஒலி எழுப்பியது. டாக்டர் அதை மடியில் இறக்கிக்கொண்டார்.

அந்தப் பல்லின் எக்ஸ்ரே படம் அவர் சட்டைப் பையைவிட நெருக்கமாக நெஞ்சில் கிடந்தது. வேர் நேராக உதட்டுக்குப் போகும் நரம்பின் மேல் உட்கார்ந்திருந்தது. கை ஒரு நூல் தப்பினால் போதும், அவள் கீழுதட்டில் ஆயுசுக்கும் உணர்ச்சி இருக்காது. காப்பி குடித்தால் வழிவது தெரியாது. இப்படிப்பட்ட பல்லையே எடுப்பதற்கென்று மேல்படிப்புப் படித்தவன் ஊரில் ஒருவன் இருந்தான். டாக்டரிடம் தொழில் பழகி, பிறகு தனியாகக் கிளினிக் திறந்தவன். டாக்டர் அவனைப் 'பொடியன்' என்றுதான் சொல்வார். "அவன்கிட்ட எங்க வீட்டு நாயோட பல்லைக்கூடக் காட்ட மாட்டேன்," என்று இதே சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டில் நாய் கிடையாது, அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை மாலை அவர் டயர் கடை மாடிப்படி ஏறியபோது, மனதில் ஒரு திட்டம் இருந்தது. குற்றவாளிக்குத்தான் இப்படி நல்ல திட்டங்கள் வரும்.

"தினமும் வர்றேன் மேடம். நாளைக்குக் காலையிலேர்ந்தே ஆரம்பிச்சிடலாம்."

வகுப்பு இருக்கிறது, ஆப்பரேஷனைத் தள்ளிவைப்போம் என்று வீட்டில் சொல்லலாம். தள்ளிவைத்தால் விரல் சரியாகிவிடும். கலைக்கு முன்னால் பல் எம்மாத்திரம்?

"தினமும் வேணாம் சார். விரல்தோல் உரிஞ்சிடும்," என்றாள் டீச்சர். "முதல்ல இதைப் பிடிங்க, பார்க்கலாம்."

அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்திகளின் மேல் வைத்தாள். அமுக்கச் சொன்னாள். அமுக்கினார். வலது கையால் மீட்டச் சொன்னாள். மீட்டினார்.

இத்தனை நாளாக அந்த நடுக்கத்துக்குச் சத்தம் கிடையாது. குளியலறையில் அது ஊமை. இப்போது கிதாரின் மரவயிறு அதை வாங்கி, வாய்விட்டுச் சொன்னது. தந்திகள் தகரக் கூரையில் மாட்டிய வண்டுபோல் கரகரவென்று உறுமின. டாக்டர் கையை எடுத்துவிட்டார். உறுமல் நின்றது. கை நிற்கவில்லை.

"முதல் தடவை பிடிக்கிறப்போ நிறைய பேருக்கு நடுங்கும் சார்."

முழுப் பூசணிக்காயை மறைக்க அவளே சோற்றை நீட்டினாள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவர் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"வீட்டுலயும் நடுங்குது."

"கிதார் இல்லாமயா?"

"கிதார் இல்லாம."

டீச்சர் தன் கிதாரைக் கீழே வைத்தாள். "டாக்டரைப் பார்த்தீங்களா?"

"நானே டாக்டர்தான்."

"பல்லுக்குத்தானே சார்."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. விலாசம் கேட்பவளைப் போலச் சொன்னாள். அதனால்தான் அது தைத்தது.

"பாட்டு வேணும்னா நான் சொல்லிக் குடுப்பேன்," என்றாள். "இது என்னன்னு எனக்குத் தெரியாது. இதுக்கு வாரத்துல எத்தனை நாள்னு நான் என்ன சார் சொல்றது?"

டாக்டர் இறங்கிப் போனார். இரவு முழுக்க இடது கையைத் தலையணைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு படுத்திருந்தார்.

காலையில் மகள் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். மனைவி வெளியே கூடத்தில் கேடயப் படத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். மரத்துப்போக ஊசி போடுவதற்கு முன், கன்னத்தை ஒதுக்க டாக்டர் கண்ணாடியை உள்ளே கொண்டுபோனார். அது அவள் பல்லில் பட்டு டக்டக்கென்றது. அவர் நிறுத்தினார். மறுபடி கொண்டுபோனார். மறுபடியும் டக்டக். மகள் கண்ணைத் திறந்தாள்.

"அப்பா, கை ஏன் நடுங்குது?"

பொய்கள் வரிசையில் வந்து நின்றன. தூக்கமில்லை, காப்பி அதிகம், ஏசி. உதவியாளர் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் கீழுதட்டில் விளக்கு வெளிச்சம் விழுந்தது. வறண்டு, லேசாக வெடித்திருந்த சின்ன உதடு.

"தெரியலம்மா," என்றார் டாக்டர். "கொஞ்ச நாளாவே இப்படி இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தார். மறுமுனையில் பொடியன் எழுந்து நின்றுவிட்டான் என்பது குரலிலேயே தெரிந்தது.

"சொல்லுங்க சார்."

"என் பொண்ணுக்கு ஞானப்பல். நரம்பு மேல படுத்திருக்கு. நீ எடுக்கணும்."

"நீங்க இருக்கிறப்போ நான் எப்படி சார்?"

"எனக்குக் கை நடுங்குதுப்பா."

"உடனே கூட்டிட்டு வாங்க சார்," என்றான் அவன்.

பொடியனின் கூடத்தில் யார் படமும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் குடுவை, அவ்வளவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் துளைக்கும் மெஷின் சத்தம் எழுந்தது. வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தம்தான். உள்ளே நின்று கேட்டால் அது வேலை. வெளியே உட்கார்ந்து கேட்டபோது அது தன் மகளின் எலும்பு என்று டாக்டருக்குத் தெரிந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல," என்றாள் மனைவி.

"சொன்னா நிஜமாயிடுமோன்னு பயம்."

"நிஜம் உங்க அனுமதிக்காகக் காத்துட்டு நிக்குமாக்கும்," என்றாள் அவள். "திங்கட்கிழமை நரம்பு டாக்டர்கிட்ட போறோம். நானும் வர்றேன். அங்க போய் கலையைப் பத்திப் பேசினீங்கன்னா எழுந்து வந்துடுவேன்."

போன் அடித்தது. கிதார் டீச்சர். பேங்க் மேனேஜர் கீழே டயர் கடையிலேயே வந்து நிற்கிறாராம்.

"வாரத்துக்கு ஒரு நாள்," என்றார் டாக்டர். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நடுங்கினாலும் வரலாமா?"

"வாங்க சார். கேட்க கேவலமாத்தான் இருக்கும். உங்களுக்குன்னு இல்ல, முதல் வருஷம் எல்லாருக்கும் அப்படித்தான்."

மெஷின் சத்தம் நின்றது. கதவு திறந்து மகள் வெளியே வந்தாள், கடைவாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு. பின்னாலேயே பொடியன், நெற்றி வேர்வையைத் துடைத்தபடி.

"நல்லபடியா வந்துடுச்சு சார். நரம்புல படல, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும். உதட்டுல உணர்ச்சி வர மூணு நாலு மணி நேரம் ஆகும். உங்களுக்குத் தெரியாததா?"

டாக்டருக்குத் தெரியும். இந்த வாக்கியத்தைக் கையுறையைக் கழற்றிக்கொண்டே, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுக்கொண்டே, எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். மூன்று நான்கு மணி நேரம் என்பது இவ்வளவு பெரியது என்று அவர்களில் ஒருவர்கூட அவரிடம் சொன்னதில்லை.

வீட்டில் மகளுக்கு எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மதியம் ஆயிற்று. மனைவி வந்து வெயில் படாமல் திரையை இழுத்துவிட்டுப் போனாள். மகள் கீழுதட்டை விரலால் கிள்ளிப் பார்த்தாள். அவர் நாற்காலி நுனிக்கு வந்தார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"நேரம் இருக்கும்மா," என்று நோயாளிகளிடம் பேசும் குரலில் சொல்லப் பார்த்தார். அந்தக் குரல் வரவில்லை. மடியில் இடது கை அதன் பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. மகள் மறுபடி உதட்டைக் கிள்ளினாள்.