எட்டு போட்டாலும் மூணேகால்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. திருடிய இடம் என் மனைவியின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோன சாக்கில் ஒட்டுக்கேட்டேன். எழுதியதை அவளிடம் காட்டியாக வேண்டும் என்பது வீட்டு ஒப்பந்தம். கீழே அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவள் சொன்னது.

2

முதல் தொடக்கம்: ‘நினைவுக்கும் எல்லை உண்டு. மனிதனோ இயந்திரமோ, ஒன்றை ஏற்க இன்னொன்றை இழந்துதான்—’

(அடிச்சிடுங்க. இங்க மெமரின்னா சிப்பு. விரல் நீளத்துக்குப் பச்சைப் பட்டை. ஞாபகம் கிடையாது.)

அடித்துவிட்டேன். இரண்டாவது தொடக்கம்: செவ்வாய்க்கிழமை காலை, ஸ்டிக்கர்காரர் தன் கம்ப்யூட்டரைக் கைக்குழந்தையைப் போல ஏந்தி—

(ஸ்கூட்டர்ல கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார்.)

கட்டிக்கொண்டு வந்தார்.

3

ஸ்டிக்கர்காரருக்கு நாற்பத்தைந்து வயது. கடைப் பலகைகளுக்கும் வண்டிகளுக்கும் எழுத்து வெட்டிக் கொடுப்பது தொழில். அவரும் மனைவியும் பிரிந்து மூன்று வருடம். பதினான்கு வயது மகள் அம்மாவுடன் வேறு ஊரில் இருக்கிறாள். போனில் அவளுக்கு ஒரே எழுத்துதான். சாப்பிட்டியா? ம். பரீட்சை எப்படி? ம்.

ஆனால் ஞாயிறு மதியம் இருவரும் கம்ப்யூட்டரில் சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள். மைக்கில் பேசிக்கொண்டே ஆடலாம். அதில் அவள் வாய் மூடாது. திரையில் மரம் வெட்டிக்கொண்டே டீச்சரைத் திட்டுவாள், தோழியோடு போட்ட சண்டையைச் சொல்வாள்.

போன மாதம் அவள் தோழிகளெல்லாம் புதிய விளையாட்டு ஒன்றுக்கு மாறிவிட்டார்கள். அப்பாவும் வரவேண்டும் என்றாள். அவர் வீடியோ பார்த்துத் தானே எட்டு ஜிபி மெமரியை மாட்டினார். ஞாயிறு வந்தது. விளையாட்டு பாதிவரை திறந்து, ‘மெமரி போதவில்லை’ என்று சொல்லி மூடிக்கொண்டது. ஒன்பது முறை திறந்தார். ஒன்பது முறையும் அதே பதில். மகள் உள்ளே நாற்பது நிமிடம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. ‘ம்’மும் போயிற்று.

“டூப்ளிகேட் மெமரிய தலையில கட்டிட்டாங்க மேடம். எட்டு போட்டேன், மூணேகால்தான் காட்டுது.”

“மெமரி நல்லாத்தான் சார் இருக்கு. உள்ள ஓடுற சிஸ்டம் சாஃப்ட்வேர்தான் பழசு. அதுக்கு நாலுக்கு மேல எண்ணத் தெரியாது. அந்த நாலுலயும் மத்த கார்டுங்களுக்கு இடம் ஒதுக்கிட்டு மிச்சத்ததான் காட்டும். அறுபது போட்டாலும் இதே மூணேகால்தான்.”

“அப்ப புது சிஸ்டம் போட்டுடுங்க.”

“போட்டா உங்க எழுத்து வெட்டுற மெஷின் ஓடாதே. அதோட சாஃப்ட்வேர் பழசுல மட்டும்தான் ஓடும். செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல.”

அவர் ஸ்கூட்டர் கயிற்றைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார்.

“பரவால்ல. போட்டுடுங்க.”

இங்கே எனக்கு இந்தப் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. ஒரு விளையாட்டுக்காகச் சோறு போடும் மெஷினை விடுவாரா? வாசகர் நம்புவாரா?

(நம்பலன்னா போகட்டும். அவர் சொன்னார், நான் கேட்டேன்.)

4

மெஷின் பிழைத்தது. இன்னொரு டிஸ்க் மாட்டி, புது சிஸ்டத்தை அதில் போட்டாள் மனைவி. கம்ப்யூட்டரைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். பழசில் வேலை, புதுசில் விளையாட்டு.*

ஞாயிறு மதியம் கடையிலேயே சோதித்துப் பார்க்க ஏற்பாடு. ‘இன்னிக்கு வந்துடுவேன்’ என்று மகளுக்கு எழுதியிருந்தார். பதில் இல்லை. விளையாட்டு திறந்தது. ஒரு நிமிடம் திரை முழுக்க வெறும் கல்சுவர். பிறகு ஸ்பீக்கரில் குரல்.

“அப்பா, சுவத்தப் பாத்து நிக்கிறீங்க. திரும்புங்க.”

“எந்தப் பட்டன்மா?”

“ஐயோ. மவுஸ நகத்துங்கப்பா.”

நகர்த்தினார். வானத்தைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், மனைவி என் காலை மிதித்தாள்.

* இந்த வழி அவளுக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். அவர் “போட்டுடுங்க” என்று சொன்ன பிறகுதான் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். (வாய்ல வர்றதுக்குள்ள அவர் முந்திக்கிட்டார்.)

5

இருவரும் ஏதோ பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது மகள் நின்றாள்.

“அப்பா, லீவு விட்டதும் நான் அங்க வந்துடவா? லீவுக்கு மட்டும் இல்ல. மொத்தமா.”

மனைவி எழுந்தாள். என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். இரண்டு பேரும் நடைபாதையில், வெயிலில் நின்றோம்.

“கதைக்கு முடிவு வேணும்ல?” என்றேன்.

“அது கதை இல்ல. அவங்க வீட்டு விஷயம்.”

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் “வாடா கண்ணு” என்கிறார். இன்னொன்றில் “அம்மாகிட்ட கேட்டியா?” என்கிறார். மூன்றாவதில், அவர் வாயைத் திறக்கு—

(நாம வெளியதானே நின்னோம்.)

ஆமாம். கண்ணாடி வழியே பார்த்ததை மட்டும் தருகிறேன். விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவர் விடாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த விளையாட்டில் தலையாட்டினால் எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திரையில் அந்தப் பெண் பாலத்தின்மேல் அசையாமல் நின்றிருந்தாள்.

உங்களுக்கு உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தாலும் பயனில்லை. எங்கள் பக்கம் அவர் முதுகுதான் தெரிந்தது.