முத்திருளனின் கூந்தல்

காலை ஆறரை மணிக்குப் பசுமலை அடிவாரத்து வாடகை வீட்டின் பின்வாசலில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு, பனியனோடு வந்து உட்காருவான் முத்திருளன். வயது நாற்பத்து மூன்று. கப்பலூரில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். முன்னால் நின்று பார்த்தால் மீசை நரைத்த சாதாரண ஆள். பின்னால் போய் நின்றால்தான் அதிசயம். கொண்டையை அவிழ்த்துவிட்டால் சுருள் சுருளாக, கருகருவென்று பாதி முதுகுவரைக்கும் இறங்கும்.

தாமரைச்செல்வி பெரிய பல் சீப்பை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் நிற்பாள். சுருட்டை முடியை உச்சியிலிருந்து இழுத்தால் வலிக்கும், அறுந்தும் போகும். நுனியைக் கையில் பிடித்து, அங்கே சிக்கெடுத்து, பிறகு ஒரு சாண் மேலே, பிறகு இன்னொரு சாண் மேலே என்று ஏறிப் போகவேண்டும். அவசரம் ஆகாத வேலை. அரை மணி நேரம் பிடிக்கும்.

"மாமா, தலையை ஆட்டாதீங்க."

"நான் எங்க ஆட்டுறேன்? நீ இழுக்கிற, தலை கூட வருது."

"ஒம்பது மணிக்குக் கடை தொறக்கணும். உங்களுக்குச் சடை போட்டே நான் கெழவியாயிருவேன்."

கல்லூரி வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. கிளம்பும் நேரம் தப்பிவிடும் என்று தினமும் சொல்வாள். ஒரு நாளும் கையை வேகப்படுத்தியதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். முக்காலிக்குப் பக்கத்தில் கிடந்த போன் அடித்தது. எழுமலையிலிருந்து அவன் அக்கா சோணையம்மாள். போனைக் காதில் வைக்கிற பழக்கமே அவளுக்கு இல்லை. எதிரே நிற்கிற ஆளிடம் கத்துவது போலக் கத்துவாள்.

"தம்பி, வர்ற ஞாயித்துக்கெழமை. பூசாரிகிட்டச் சொல்லியாச்சு. கெடா பிடிச்சாச்சு. நாப்பது பேருக்குச் சோறு. நம்ம வழக்கத்துக்கு மூணு வருசம் வளர்த்தாப் போதும், அது முடிஞ்சு ஆறு மாசமாச்சு, சாமி கடனை இம்புட்டு நாளு இழுத்தடிக்கக் கூடாது. வந்து முடியை எறக்கிட்டுப் போ."

முத்திருளன், "ம்" என்றான். தாமரைச்செல்வியின் கையில் இருந்த சீப்பு முடியிலேயே நின்றுவிட்டது.

அந்த முடி போகக்கூடாது என்று அவளுக்கு இருந்தது. வெளியே சொல்ல முடியாத ஆசை. சாமிக்கு நேர்ந்துவிட்ட முடியைக் கொடுக்காதே என்று எந்தப் பெண்டாட்டியால் சொல்ல முடியும்?

அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். சத்யப்ரியா. ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்தே நாளில் போய்விட்டாள். பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடை, மடித்துக் கட்டி ரிப்பன் வைக்கவேண்டும். அந்தச் சுருட்டை முடியில் தினமும் காலையில் அம்மாவும் மகளும் போடுகிற சண்டை தெருமுனை வரைக்கும் கேட்கும். அவள் போனபிறகு வீட்டில் அந்த நேரம் மட்டும் போகவே மாட்டேன் என்றது. தாமரைச்செல்வி சோறு வடிப்பாள், டப்பாவில் அடைப்பாள். ஏழு மணியானால் கால் தானாகக் கண்ணாடிப் பக்கம் போகும். சீப்பைக் கையில் எடுத்துவிடுவாள். பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பாள். புருசனும் பெண்டாட்டியும் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். "சாப்பாடு இருக்கு." "போறேன்." "வாரேன்."

முத்திருளன் சலூனுக்குப் போவதை நிறுத்தியிருந்தான். யாரும் கவனிக்கவில்லை. ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் காலை, காடாக வளர்ந்து கிடந்த தலையோடு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"ஏ செல்வி, இதுக்குள்ள சீப்பு போக மாட்டேங்குது. என்னான்னு பாரு."

அன்றைக்குச் சிக்கெடுக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு சீப்பில் நாலு பல் போயிற்று. "குருவி ஏதும் குஞ்சு பொரிச்சிருக்கப் போகுது மாமா" என்று அவள் சொன்னாள். சொன்ன பிறகுதான், தான் ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசிவிட்டதே அவளுக்குத் தெரிந்தது.

அந்த வாரமே சோணையம்மாள் வந்து பார்த்துவிட்டு, "என்னடா, நேர்ந்திருக்கியா?" என்று கேட்டாள். தம்பி தலையை ஆட்டினான். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நேர்த்திக்கடனைத் துருவிக் கேட்பது வழக்கமில்லை. அன்றிலிருந்து அது சாமி முடி ஆகிவிட்டது. கம்பெனியில் பாதுகாப்பு பார்க்கிற சிவக்குமார்கூட, முதலில், "அண்ணே, வெட்டிருங்க, மெசின்ல மாட்டுனா என் வேலை போயிரும்" என்று நின்றவன், சாமிக்கு என்றதும், "சாமிக்கா? அப்பச் சரிண்ணே, ஹெல்மெட்டுக்குள்ள அடக்கிக்கங்க" என்று போய்விட்டான்.

ஹெல்மெட்டுக்குள் அடக்கிய முடி வேர்த்து, பொடுகு வந்தது. தாமரைச்செல்விக்கு அப்புறம் ஓய்வே இல்லை. ஹெல்மெட்டுக்குள் கட்டிக்கொள்ளப் பழைய பருத்தி வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, நாளுக்கு ஒன்றாகத் துவைத்துக் கொடுத்தாள். வெந்தயத்தை ராத்திரி ஊறப்போட்டுத் தயிரோடு அரைத்து வேரில் தடவினாள். ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல் சனிக்கிழமை. வெந்நீரில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கிய நல்லெண்ணெயை விரல் நுனியால் தேய்த்து ஊறவிட்டு, அரப்பைச் சோற்றுக் கஞ்சியில் குழைத்துப் போட்டுக் கழுவுவாள். அரப்புக்கு உசிலை இலை எழுமலையிலிருந்து சோணையம்மாளே காயவைத்துப் பையில் கொடுத்து அனுப்புவாள். துவட்டும்போது துண்டால் பரபரவென்று தேய்த்தால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். "பாத்திரமா தேய்க்கிறீங்க? ஒத்தி எடுங்க மாமா, ஒத்தி."

பிறகு கம்பெனியில் பெட்டி ஒட்டுகிற பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் முத்திருளனைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். "அண்ணே, நீங்க என்ன எண்ணெய் போடுறீக?" அவனும் மீசையைத் தடவிக்கொண்டு, "எண்ணெயில என்னத்தா இருக்கு? ஈரத்தலையை முடிஞ்சு வைக்காதீங்க. ராத்திரி இறுக்கிக் கட்டிப் படுக்காதீங்க. சீப்பை வாரம் ஒருதரம் கழுவுங்க" என்று வைத்தியர் மாதிரி எடுத்துவிடுவான். அதை வீட்டுக்கு வந்து சொல்லும்போது தாமரைச்செல்வி சீப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பாள்.

இப்படி அந்த அரை மணி நேரத்தில் பேச்சு திரும்பி வந்தது. முதலில் முடியைப் பற்றித்தான் பேசினார்கள். பிறகு வாடகை, கடை, கம்பெனி. ஒரு நாள் அவள், "அவளுக்கும் உச்சியில இதே மாதிரி ரெண்டு சுழி" என்றாள். அவன் திரும்பாமல், "எங்கிட்டருந்துதான வந்துச்சு" என்றான். அதற்குப் பிறகு சத்யாவைப் பற்றியும் பேசலாம் என்று ஆயிற்று. அழுகை இல்லாமலே.

ஞாயிற்றுக்கிழமை இது எல்லாவற்றையும் கத்தி ஒரேயடியாக இறக்கிவிடும். மொட்டைத் தலைக்குச் சீப்பு எதற்கு? முக்காலி எதற்கு?

அந்த வாரம் முழுக்கச் சுற்றிச் சுற்றிக் கேட்டுப் பார்த்தாள். "எத்தனை வருசம்னு நேர்ந்தீங்க மாமா?" "அது கெடக்கு, விடு" என்றான். சனிக்கிழமை வழக்கத்தைவிட அதிகமாக எண்ணெய் தேய்த்தாள்.

"நாளைக்குச் செரைக்கப் போற தலைக்கு எதுக்கு இம்புட்டு அரப்பு?"

"சாமிக்குப் போறது சுத்தமாப் போகட்டும்" என்றாள். அவன் தலையை அவள் கைக்கு வாகாகச் சாய்த்துக் கொடுத்தான்.

ஞாயிறு விடிய உசிலம்பட்டி பஸ் ஏறி, அங்கே மாறி, எழுமலைக்கு வெளியே புளியந்தோப்புக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சோணையம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்புகளுக்கு நடுவே நின்றாள். கிடா ஏற்கெனவே குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. முடி இறக்குகிறவர் கத்தியில் புது பிளேடு மாட்டிக் காத்திருந்தார். முத்திருளன் துண்டைக் கட்டிக்கொண்டு மனைப்பலகையில் உட்கார்ந்தான். அக்காவே ஒரு குடம் தண்ணீரை எடுத்துத் தலையில் கவிழ்த்தாள்.

பூசாரி காளை விபூதித் தட்டோடு வந்தார். "ம், சொல்லு மாப்ள. என்ன வேண்டிக்கிட்ட, எத்தனை வருசம் வேண்டிக்கிட்ட? சாமி முன்னால வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் கத்தி வைக்கணும்."

முத்திருளன் வாயைத் திறக்கவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கத்தி நெற்றிக்குக் கிட்ட வந்து காத்து நின்றது.

"அஞ்சு வருசம்!" என்று கத்தினாள் தாமரைச்செல்வி. "அஞ்சு வருசம்னு நேர்ந்தாரு. இன்னும் ஒண்ணரை வருசம் இருக்கு!"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். முத்திருளனும் திரும்பிப் பார்த்தான்.

"பொய்" என்றான். "நான் நேரவே இல்ல."

அடுப்படியில் கரண்டி நின்றது. சோணையம்மாள் வேகமாக வந்தாள். "என்னடா சொல்ற? நீதான நேர்ந்தேன்னு சொன்ன?"

"நான் எப்பச் சொன்னேன்? நீ கேட்ட, தலையை ஆட்டுனேன்."

"சாமி விசயத்துல பொய்யா ஆட்டுவாக தலையை? அப்புறம் எதுக்குடா இந்தக் கூந்தல்?"

அவன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான். "புள்ள போனதுக்கு அப்புறம் இவ தெனமும் சீப்பைக் கையில வச்சுக்கிட்டு நிப்பாக்கா. பாக்க முடியல. வார்றதுக்கு ஒரு தலை வேணும்ல வீட்டுல? எனக்கு வேற ஒண்ணும் தெரியல. முடியை வளர்த்தேன்."

தாமரைச்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் வாய் சிரித்தது. மூன்றரை வருசமாக இந்த மனுசன் தன் தலையை அவள் கைக்கு வேலையாகக் கொடுத்திருக்கிறான். அவளோ சாமிக்கு ஊழியம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

சோணையம்மாள் மூக்கைச் சிந்தினாள். "அதுக்கு நாப்பது பேருக்குக் கெடா எதுக்குடா வெட்டச் சொன்ன பாவி?"

"நான் எங்க சொன்னேன்? நீயா பிடிச்ச, நீயா வெட்டுன."

பூசாரி தாடையைச் சொறிந்தார். "தண்ணி ஊத்தியாச்சு. கத்தியும் எடுத்தாச்சு. சாமியைச் சும்மா அனுப்பக் கூடாது மாப்ள. பூமுடி குடுத்துட்டுப் போ."

மொட்டை போடாத பெண்கள் நுனியில் மூன்று விரல் அகலம் வெட்டிக் கொடுப்பதுதான் பூமுடி. சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "ஆம்பள பூமுடி குடுக்கிறதா? ஊரு சிரிக்கும்ல?"

"இந்தக் கூந்தலைப் பாரு. உங்கள்ல யாருக்கு இருக்கு இப்படி?" என்றார் பூசாரி. எல்லோரும் ஈரம் சொட்டுகிற அந்தச் சுருளைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

தாமரைச்செல்வி கிட்டப் போய் நுனியைக் கையில் பிடித்தாள். வெடித்த நுனியைக் கத்தரிக்கவேண்டும் என்று இரண்டு மாதமாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் வெடித்ததைச் சாமிக்குக் கொடுக்க மனசு வரவில்லை. இன்னும் இரண்டு விரல் மேலே தள்ளி, நல்ல முடியாகப் பார்த்துப் பிடித்துக் காட்டினாள். கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, கத்திக்காரர் ஒரே வெட்டாக வெட்டித் தட்டில் போட்டார்.

"இனிமே பொய் ஆகாது. நெசமாவே நேர்ந்துக்க" என்றார் பூசாரி. "எத்தனை வருசத்துக்கு?"

முத்திருளன் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"இவரு தலையில முடி இருக்கிற மட்டும்" என்றாள் அவள்.

"ஏத்தா, இவன் அப்பனுக்கு நாப்பத்தஞ்சுலயே வழுக்கை விழுந்துருச்சே!" என்றார் பூசாரி.

"அப்ப நாளையிலருந்து எண்ணெயைக் கூட்டிருவோம்" என்றாள் தாமரைச்செல்வி. தோப்பே சிரித்தது. சோணையம்மாள் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்துவிட்டு, ஒரு பழைய பருத்திச் சேலையைக் கொண்டுவந்து தம்பி தலையில் போட்டுத் தேய்க்கப் போனாள்.

"மதினி, தேய்க்காதீக" என்று கையைப் பிடித்தாள் தாமரைச்செல்வி. "ஒத்தி எடுக்கணும்."